மூன்றாவது ஆவி

டிசம்பர் 3, புதன்

உறைபனி. இந்த வருஷத்தில் முதல் தடவை. லேப் ஜன்னலுக்கு வெளியே புல் பூராவும் உப்புத் தூவின மாதிரி. பத்து மணிக்கெல்லாம் நல்ல வெயில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கேத்தியில் கேரட் போட்டவங்க பாடு கஷ்டம்தான்.

செய்ய வேண்டியவை: அம்முவுக்குப் பள்ளிக்கூட ஸ்வெட்டர், போன வருஷத்தது கை ஏறவில்லை. கேஸ் புக் பண்ணணும். தராசுக்குப் புது பேட்டரி. கரி டவர் பற்றி டேனியல் சாருக்கு ஒரு பக்கம் எழுதித் தரணும்.

கடைசி வேலைதான் இழுக்குது. திங்கள்கிழமை முதல் இரண்டு செக்‌ஷன் ஆவியும் ஒரே டவருக்குப் போகும். இதுவரை தேயிலையில் கஃபீனைக் கரைத்து எடுக்கிற செக்‌ஷனோட சால்வென்ட் ஆவி மட்டும், ஆவியைப் பிடித்துக்கொள்கிற கரி டவருக்குள் போச்சு. தைலம் காய்ச்சுகிற செக்‌ஷன் ஆவி நேராகப் புகைபோக்கியில். கீழே தொழிலாளர் லைன் வீடுகளில் எப்போதும் தைல நெடி, இருமல், புகார். இரண்டையும் சேர்த்து விடலாம் என்பது என் வீட்டுக்காரர் சிவா யோசனை. ஆகஸ்டில் ட்ரையல் ஓட்டினாங்க. தெர்மாமீட்டர் அசையவே இல்லை. மேனேஜர் டேனியல் சார் எல்லார் முன்னாடியும் சிவாவுக்குக் கை கொடுத்தார். அன்னைக்கு வீட்டில் பாயசம்.

சிவா பிளான்ட் இஞ்சினியர், நான் லேப். ஒரே கம்பெனி, ஒரே ஜீப். எழுதித் தர ஐந்து நிமிஷம் போதும். ஆனால் கையெழுத்துப் போடுகிறது நான். ஒரு தடவை கண்ணாடிக் குழாயில் பார்த்துவிட்டுப் போடலாம்.

டிசம்பர் 4, வியாழன்

பனி. குழாய்த் தண்ணி தொட்டால் விரல் போகுது.

காலையிலிருந்து குழாய். முழங்கை நீளக் கண்ணாடி, உள்ளே டவரில் போடுகிற அதே கொட்டாங்குச்சிக் கரி, உலர்த்தியது. அடியில், நடுவில், மேலே ஒவ்வொரு தெர்மாமீட்டர். ஆவி அடியில் நுழைந்து மேலே வெளியேறும், டவர் மாதிரியே.

ஆவி கரியில் ஒட்டினால் சூடு விடும். அது தெரிஞ்சதுதான். எந்த ஆவிக்கு எவ்வளவு என்று அட்டவணை இருக்கு. ஆனால் அட்டவணை எல்லாம் தனித்தனி ஆவிக்கு.

சால்வென்ட் மட்டும்: வெதுவெதுப்பு. தைலம் மட்டும்: அதைவிடக் கொஞ்சம் கூட. இரண்டும் கலந்தால் நடுவில் எங்கேயாவது நிற்கும் என்று நினைத்தேன்.

நிற்கவில்லை. அடியில் நினைத்ததைவிடக் குறைவு. நடுவில் சாதாரணம். மேலே, இரண்டு தனி ஆவியிலும் பார்க்காத சூடு. கையை வைத்தவள் எடுத்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பிடாமல் மறுபடியும். அதே.

லேப் உதவிக்கு இருக்கிற புனிதா தட்டைக் கழுவிக்கொண்டே, "என்னங்க மேடம், மொகமே சரியில்ல?" என்றாள்.

"ஒண்ணுமில்ல புனிதா. குழாய் சூடாகுது."

"குளிருக்கு நல்லதுதானுங்களே."

சிரித்தேன். அவளும்.

டிசம்பர் 5, வெள்ளி

புரிந்துவிட்டது. ராத்திரி தூக்கம் கெட்டதற்கு அதாவது பலன்.

தைலம் கரியை இறுகப் பிடிக்கும். சால்வென்ட் லேசாகப் பிடிக்கும். முதலில் சால்வென்ட் உட்காருது, பின்னால் வருகிற தைலம் அதைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தில் உட்காருது. கிளம்புகிற சால்வென்ட் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதனால் அடியில் சூடு குறைவு. கிளம்பினது மேலே போய், புதிதாக வருகிற சால்வென்ட்டோடு சேர்ந்து இன்னும் அடர்த்தியாகி, காலியாக இருக்கிற கரியில் மொத்தமாக ஒட்டுது. அத்தனை சூடும் அங்கே.

டவரில் தெர்மாமீட்டர் ஒன்றே ஒன்று. நடுவில்.

இரவு சாப்பிடும்போது சிவாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது புரியாம இல்ல கவி. ஆனா ஆகஸ்டுல மேல் மூடியத் தொட்டே பாத்தோம். சில்லுன்னுதான் இருந்துச்சு."

"அதே கரிதானுங்களா?"

"அதே கரி. அதே சால்வென்ட். அதே தைலம்."

அம்மு கணக்குக் கேட்டு வந்தாள். பேச்சு அதோடு நின்றது.

டிசம்பர் 6, சனி

ஆகஸ்ட். ஆகஸ்ட் என்றால் என்ன இங்கே? விடாமல் மஞ்சு மூட்டம். துணி காயாத மாசம். சுவரே வியர்க்கிற மாசம்.

கரி சும்மா இருக்காது. காற்றில் இருக்கிற ஈரத்தையும் பிடிக்கும். நாங்கள் இரண்டு ஆவி என்று எண்ணிக்கொண்டிருந்தோம். மூன்று. தண்ணீரைக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

லேப் அரை நாள்தான். போய் ஒரு பிடி கரியை ஈரக் காற்றில் ஊற வைத்து ஓட்டினேன். அதே கலவை, அதே வேகம். மேல் தெர்மாமீட்டர் சாது மாதிரி இருந்தது. ஒட்டுகிற சூடெல்லாம் தண்ணீரைக் கிளப்பவே செலவாகுது. தண்ணீர் இருக்கிற வரைக்கும் பயமில்லை.

காய்ந்த கரியில் மறுபடி ஓட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். மேலிருந்து வந்த காற்றில் தைலம் தீய்ந்த வாசம்.

இப்போது டிசம்பர். ராத்திரி பனியாக உறைந்துவிடுகிற ஈரம் பகல் காற்றில் இல்லை. உதடு வெடிக்குது. டவர்க் கரியை நேற்றுத்தான் நீராவி அடித்துச் சுத்தம் பண்ணி, சூடான காற்றில் உலர்த்தி வைத்திருக்காங்க. எலும்பு மாதிரிக் காய்ந்திருக்கும்.

நேராக டேனியல் சார் ரூமுக்குப் போனேன். சிவாவும் அங்கேயே இருந்தார். எல்லாம் சொன்னேன். சார் நடுவில் பேசமாட்டார், நல்ல மனுஷர், சர்ச்சில் பாடுகிறவர்.

"கவிதா, உங்க குழாய் இவ்வளவு. நம்ம டவர் மாடி உசரம். குழாயில நடந்தது அப்படியே அங்க நடக்குமா?"

"அப்படியே நடக்காதுங்க சார். குழாயில சூடு கண்ணாடி வழியா வெளிய போயிடும். டவர் நடுவுல இருக்கிற சூட்டுக்குப் போக வழி இல்ல. இதவிட மோசமா இருக்கும்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினெட்டாம் தேதி நம்ம சரக்கு வாங்குற ஜெர்மன்காரங்க வர்றாங்க. நெடி இருக்கக் கூடாதுங்கிறதுதான் அவங்க முதல் கண்டிஷன். சிவா, நீங்க சொல்லுங்க. ஓட்டலாமா?"

சிவா என்னைப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தார்.

"ஆகஸ்டுல நல்லாத்தான் ஓடுச்சுங்க சார்."

ஜீப்பில் போகவில்லை. நடந்தே வந்தேன். தேயிலை பனியில் கருகி ஒரு பக்கம் பூராவும் செம்மண் நிறம்.

டிசம்பர் 7, ஞாயிறு

வீட்டில் பேச்சு: "சட்னி போதுமா", "போதும்". அவ்வளவுதான்.

புனிதா வீட்டுக்கு ஸ்வெட்டர் ஊசி வாங்கப் போனேன். லைன் வீட்டில் கடைசி வீடு. வாசலில் நின்று நிமிர்ந்தால் கரி டவர் தலைக்கு மேல் நிற்கிற மாதிரி. இதற்கு முன்னாடி நான் அங்கிருந்து பார்த்ததில்லை.

அவள் சின்ன மகள் கட்டிலில், நெஞ்சுச்சளி, மூச்சு விடும்போது விசில் சத்தம். "நாளையில இருந்து இந்த நாத்தம் இருக்காதுன்னு சொன்னாருங்க உங்க சார். புண்ணியமாப் போகும்" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று புரிய நேரமானது. சிவாவை.

டீ குடித்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 8, திங்கள்

பனி, அப்புறம் வெயில். தேங்காய் உடைத்தார்கள். டேனியல் சார் ஜெபமும் சொன்னார். ஆபரேட்டர் நஞ்சன் அண்ணன் வால்வைத் திறந்தார்.

நடு தெர்மாமீட்டர்: அமைதி. எல்லாருக்கும் லட்டு.

சாயந்திரம் கேன்டீன் பக்கம் நின்று மோந்து பார்த்தேன். நெடி இல்லை. நிஜமாகவே இல்லை. பிழிந்த பச்சைத் தேயிலை வாசம் மட்டும். கீழே ஜன்னல்கள் திறந்திருந்தன.

ஒருவேளை நான்தான் தப்போ.

ராத்திரி விளக்கை அணைத்த பிறகு சிவா குரல். "இன்னொரு தெர்மாமீட்டர எந்த உசரத்துல வைக்கச் சொல்ற?"

"மேல் தட்டுக்கு ஒரு முழம் கீழங்க."

"ம்."

டிசம்பர் 9, செவ்வாய்

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், சிவாவும் நஞ்சன் அண்ணனும் மேல் ஓட்டை வழியாக என் லேப் சென்சாரை இறக்கி வைத்துவிட்டார்கள். ஒயர் கீழே கன்ட்ரோல் ரூம் வரை. சாரிடம் சொல்லவில்லை.

நடுவில் முப்பத்தைந்து. மேலே எண்பதைத் தாண்டி.

சிவா போன் பண்ணினார். "பாத்தேன்" என்றார்.

டிசம்பர் 11, வியாழன்

மேலே எண் ஏறுவதும் இறங்குவதுமாக. இறங்கினாலும் முதல் நாள் இருந்த இடத்துக்குத் திரும்புவதில்லை.

சிவா டேனியல் சாரிடம் ஒப்புக்கொண்டுவிட்டார், சென்சார் வைத்ததை. சார் திட்டவில்லை. நேரில் வந்து பார்த்தார். "டவர் ஃபேன் ஓடுதே, காத்து சூட்ட எடுத்துட்டுப் போகுதே" என்றாராம். அது சரிதான். ஃபேன் ஓடுகிற வரைக்கும் சரி.

"ஃபேன் நின்னா?" என்று சிவா கேட்டாராம்.

"கரண்டு போனா செக்‌ஷனும் நிக்கும், ஆவி வராதில்ல" என்றாராம்.

ஆவி வராது. உள்ளே இருக்கிற சூடு எங்கே போகும்? தைலம் கரியில் உட்கார்ந்து காற்றோடு சேர்ந்து தானே இன்னும் சூடு விடும். ஜெனரேட்டரில் லைட்டும் பம்பும் மட்டும்தான் மாட்டியிருக்கு. ஃபேனையும் மாட்டச் சொல்லிக் கேட்டிருக்கார் சிவா. பதினெட்டுக்கு அப்புறம் பார்க்கலாம் என்றாராம் சார்.

சிவா தட்டில் சோறு அப்படியே. "நான்தான கவி சேக்கலாம்னு சொன்னேன்" என்றார். "நெடி போகணும்னுதானுங்க சொன்னீங்க" என்றேன். அது ஆறுதலா என்று தெரியவில்லை.

அம்முவுக்குக் கடையிலேயே ஸ்வெட்டர் வாங்கியாச்சு. கொஞ்சம் பெரிசு.

டிசம்பர் 12, வெள்ளி

டவரைச் சுற்றி நடக்கும்போது எல்லாரும் சத்தம் குறைத்துப் பேசுகிறார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் அப்படித்தான். மேல் மூடிமேல் உட்காரும் புறாக்கள் இரண்டு நாளாகக் கூட்டமாக. குளிருக்கு இதமாக இருக்கும் போல.

டிசம்பர் 16, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இன்று வரிசையாக எழுதி வைக்கிறேன்.

திங்கள் காலை, பால் வண்டி போன கொஞ்ச நேரத்தில் கரண்டு போச்சு. மேலே ரோட்டில் ஒயர்மேல் மரம் சாய்ந்ததாம். ஃபேன் சத்தம் நின்றது. அந்தச் சத்தம் இருந்ததே நின்ற பிறகுதான் தெரிந்தது.

கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினேன். மேல் சென்சார் ஏறிக்கொண்டே இருந்தது. நிற்காமல், கடிகார முள் மாதிரி. நூற்றைம்பது, நூற்றெண்பது. நடுவில் இன்னும் அமைதி.

டேனியல் சார் வந்தார். "மேல் மூடியத் திறந்து பாருங்க, புகையா சூடான்னு தெரியட்டும்."

சிவா குரலை உயர்த்தாமல் சொன்னார். "திறந்தா காத்து உள்ள போயிடுங்க சார். கனல் நெருப்பாயிடும். தண்ணிதான் விடணும். விட்டா கரி மொத்தமும் போச்சு. பரவாயில்ல."

சார் யோசித்தார். கடைசியில் தலையை ஆட்டினார்.

நான் புனிதாவை இழுத்துக்கொண்டு கீழே. வீடு வீடாகத் தட்டி, சர்ச் பக்கம் போகச் சொன்னோம். ஒரு பாட்டையா வரமாட்டேன் என்றார். "பொக வரலியே" என்றார். புனிதா ஒன்றும் பேசாமல் அவரைத் தூக்கி நிறுத்தினாள். அப்புறம் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். சிவா ஏணியில் ஏறித் தண்ணீர் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். நஞ்சன் அண்ணன் கீழே, அடி மூடி பக்கத்தில், வடிகிற தண்ணீரைப் பார்க்க. மேலே வெள்ளையாக ஆவி. சூடு இறங்கிவிடும் போலத்தான் இருந்தது.

அப்போது கரண்டு வந்தது.

ஃபேன் தானாக ஓடுகிற மாதிரி வைத்திருந்தார்கள். மெயின் சுவிட்சை இறக்க யாருக்கும் தோன்றவில்லை. சிவாவுக்கும், எனக்கும், சாருக்கும். கரண்டு போனதையே பார்த்துக்கொண்டிருந்தோம், வருவதை யோசிக்கவில்லை. ஃபேன் கனல்மேல் காற்றை அடித்தது. ஒரு மூச்சு இழுத்த மாதிரிச் சத்தம். மேல் மூடி பறந்து தேயிலைக்குள் விழுந்தது. தீ நேராக, நீலமும் மஞ்சளுமாக, தைலம் எரிகிற வாசத்தோடு. அடி மூடி பிளந்து கொதிக்கிற தண்ணீரும் கரியும் நஞ்சன் அண்ணன்மேல்.

சிவா ஏணியிலிருந்து குதித்து அவரை இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளங்கை இரண்டும் வால்வில் வெந்து போச்சு. யாரோ மெயினை இறக்கினார்கள். ஃபயர் சர்வீஸ் வந்து அணைத்தார்கள். லைன் வீட்டில் கடைசி இரண்டு வீட்டுக் கூரை எரிந்தது. உள்ளே யாரும் இல்லை.

நஞ்சன் அண்ணன் கோவை ஆஸ்பத்திரியில்.

டிசம்பர் 19, வெள்ளி

மேகம் இல்லை. பனி.

நஞ்சன் அண்ணனுக்கு உயிருக்குப் பயமில்லை என்றார்கள். வலது கண் போச்சு. முதுகில் தோல் வைக்கணும். அவர் சம்சாரம் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஊட்டுக்காரர் வால்வு தப்பாத் திருகிட்டாருங்களா?" என்று கேட்டார். இல்லை, அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்று மூன்று தடவை சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை.

புனிதாவும் பிள்ளைகளும் எங்கள் வீட்டு முன்ரூமில். அம்முவுக்கு ஒரே கொண்டாட்டம். அந்தச் சின்னப் பிள்ளை மூச்சு இப்போது விசிலடிக்கவில்லை. தைலச் செக்‌ஷன் மூடியிருக்கே.

சிவாவுக்கு நான் ஊட்டிவிடுகிறேன். இரண்டு கையும் கட்டு.

டிசம்பர் 23, செவ்வாய்

விசாரணைக்குத் தலைமை ஆபீஸிலிருந்து இருவர். எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்டார்கள். டேனியல் சார் முதலில். "கவிதா முன்னாடியே சொன்னாங்க. நான்தான் தள்ளிப்போட்டேன்" என்றார். அந்த ஒரு வாக்கியம் சொல்ல அவர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

சிவா எழுந்து நின்று சொன்னார். காய்ந்த கரியில் இரண்டு ஆவியும் சேரக் கூடாது, ஆகஸ்ட் ட்ரையல் நம்மை ஏமாற்றிவிட்டது, என் யோசனைதான், நான்தான் அவசரப்பட்டேன்.

வந்தவர்களில் இளையவர் கேட்டார்: "அப்ப ஈரமான இடமா இருந்தா பிரச்சினை இல்ல, அப்படித்தான சார்?"

சிவா, "அப்படி நான் சொல்லலீங்க" என்றார். இளையவர் தலையை ஆட்டினார், கேட்காத மாதிரி.

ஏன் அப்படிக் கேட்டார்?

டிசம்பர் 26, வெள்ளி

தெரிந்துவிட்டது. டேனியல் சார் கிறிஸ்துமஸ் கேக்கோடு வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. வேலையை விட்டுவிட்டாராம். சொல்லிவிட்டு, "சேரம்பாடிப் பக்கம் இருக்கே நம்ம இன்னொரு பேக்டரி, அங்கயும் இதே மாதிரி சேத்துட்டாங்க. ஆகஸ்ட் ட்ரையலப் பாத்துட்டு அப்பவே ஆர்டர் போட்டிருக்காங்க. அங்க வருஷம் பூரா மழை, ஈரம், ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாங்க" என்றார்.

"எப்ப இருந்துங்க சார்?"

"ஓடிட்டிருக்கு."

சிவா கட்டுப்போட்ட கையால் போனை என் பக்கம் தள்ளினார். அங்கே மழை நின்று எத்தனை நாள் ஆச்சு என்று யாருக்கும் தெரியவில்லை. போன் போட்டோம். பேக்டரி நம்பர் அடிக்குது, எடுக்கவில்லை. கிறிஸ்துமஸ் லீவாக இருக்கும். லீவு என்றால் ஃபேனும் நிற்குமா, ஓடுமா?

தலைமை ஆபீஸில் ஒருத்தர் எடுத்தார். திங்கட்கிழமை பேசலாம் என்றார்.

டிசம்பர் 27, சனி

பஸ்ஸில் எழுதுகிறேன், கோணலாக. அம்முவைப் புனிதாவிடம் விட்டுவிட்டு விடியும் முன்னே கிளம்பினோம். சிவா வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சீட்டுக் கம்பியைப் பிடிக்க முடியாது, ஒவ்வொரு வளைவுக்கும் என்மேல் சாய்கிறார்.

கூடலூரில் டீ. பக்கத்து பெஞ்சில் மலையாளம் கலந்த தமிழில் இரண்டு பேர். "மழ போயிட்டு மூணு ஆழ்ச்ச, மூணு வாரம் ஆச்சு, இந்த வருஷம் கெணறு இப்பவே கொறையுது."

சிவாவுக்கும் கேட்டது. நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை.

தேவாலா தாண்டியாச்சு. நல்ல வெயில். முன்னால் போகிற லாரி கிளப்புகிற புழுதி ஜன்னல் வழியாக வருது, நோட்டுமேல் படியுது. மடியில் சிவா போன். ஸ்பீக்கரில் நான்தான் நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறேன்.

எடுத்துவிட்டார்கள். வாட்ச்மேன். சிவா குனிந்து, நிதானமாக, "அண்ணா, கரி டவர் ஃபேன் ஓடுதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார். காலையில இருந்து இங்க கரண்டு இல்ல."